சிறுநீரகத்தின் மதகுகளும் அவற்றின் துணைவர்களும்

மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைக் காணச் செல்வோர் இரண்டு இளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிச் செல்வது நம் குடும்பங்களில் நெடுநாளாக நிலவி வரும் வழக்கம். வெறுங்கையோடு செல்ல நம் மனம் இடங்கொடுப்பதில்லை. ஆனால், படுத்திருப்பவர் சிறுநீரகம் பழுதுபட்டவராயின், அன்போடு நாம் நீட்டும் அந்த இளநீரே அவருடைய உயிருக்கு உலை வைத்துவிடக் கூடும். "இளநீரில் அப்படி என்ன நஞ்சு இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். நஞ்சு ஏதும் இல்லை. நாம் ஒவ்வொருவரும் உயிர் வாழ இன்றியமையாத பொட்டாசியம் என்னும் உப்புச் சத்தே அதில் மிகுந்திருக்கிறது. உயிர் காக்கும் பொருளே எவ்வாறு உயிர் குடிக்கும் பொருளாகிறது என்பதை அறிய வேண்டுமானால், சிறுநீரகத்தின் உயிரணுக்களுக்குள் நாம் சற்றே எட்டிப் பார்த்தல் வேண்டும்.

உப்பின் கணக்கு

விறகுச் சாம்பலை நீரில் கரைத்து வடித்து, அதனைச் சலவைக்கும் சோப்புக் காய்ச்சவும் மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். அந்தச் சாம்பற் காரத்திலிருந்து, 1807-ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி மின்சாரத்தின் துணையால் ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே பொட்டாசியம். செடி கொடிகள் யாவற்றிலும் இச்சத்து உண்டு. ஆகவேதான் அவற்றை எரித்த சாம்பலிலும் அது எஞ்சி நின்றது. கீரை, கிழங்கு, பருப்பு, பழம் என்று நாம் உண்ணும் உணவு ஒவ்வொன்றின் வாயிலாகவும் அது நம் உடலை வந்தடைகிறது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களின் உள்ளே அடங்கிக் கிடக்கிறது. எஞ்சிய 2 பங்கே, அதாவது 3 கிராமுக்கும் குறைவான அளவே, இரத்தத்திலும் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரிலும் உலவுகிறது. ஒரு லிட்டர் இரத்த நீரில் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை அது இருத்தல் வேண்டும். இந்தக் குறுகிய எல்லையைக் கடந்து மேலே சென்றாலும் கீழே இறங்கினாலும், முதலில் தடுமாறுவது இதயமே. அளவு 6.5-க்கு மேல் உயருமாயின், முன்னறிவிப்பு ஏதுமின்றித் துடிப்பு நின்றுவிடக் கூடிய அபாயம் உண்டு.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ அரைக் கிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு வாழைப்பழத்திலும் அதற்குச் சற்றுக் குறைவான அளவு உண்டு. இரத்தத்திலும் உடல் நீரிலும் உலவும் மொத்த அளவே 3 கிராமுக்குக் குறைவு என்னும்போது, ஒரு வேளை உணவில் நாம் உட்கொள்வது எத்துணைப் பெரிய பங்கு! ஆயினும் நலமுள்ள ஒருவர் ஐந்தாறு பழங்களை உண்ட பின்னரும் அவருடைய இரத்தத்தின் அளவு பெரிதும் மாறுவதில்லை. உயிரணுக்கள் ஒரு பகுதியை உடனே உள்வாங்கிக் கொள்கின்றன. பின்னர், மிகுதியானதைப் பொறுமையாக வெளியேற்றி ஒழுங்கு செய்கின்றன நம் சிறுநீரகங்கள்.

நுண்குழல்களின் ஓயாத உழைப்பு

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இருமருங்கிலும் அவரை விதையின் வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்குழல்கள் உள்ளன. ஒரு நாளில் இவை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் 180 லிட்டர். ஆனால் நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் மட்டுமே. மற்ற நீர் முழுவதும், அதில் கரைந்திருந்த உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம் ஆகியவற்றின் பெரும்பகுதியோடு, மீண்டும் இரத்தத்திற்கே திருப்பி அனுப்பப்படுகிறது. முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, பிறகு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வைக்கும் இல்லத்தரசியைப் போன்றது இச்செயல்.

நாளொன்றுக்கு இவ்வாறு வடிக்கப்படும் பொட்டாசியம் 25 கிராமுக்கும் மேற்பட்டது. குழலின் முற்பகுதிகளிலேயே அதில் மிகப் பெரும்பங்கு மீட்கப்பட்டுவிடுகிறது. அன்றைய உணவில் மிகுதியாக வந்த பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலை குழலின் கடைப்பகுதியில் நடைபெறுகிறது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கட்டளையிட, அங்குள்ள உயிரணுக்கள் இரத்தத்திலிருந்து பொட்டாசியத்தை இழுத்துச் சிறுநீரில் கலக்கின்றன. இந்த உயிரணுக்களின் சுவரில் அமைந்துள்ள மிக நுண்ணிய வழிகளே நம் கட்டுரையின் நாயகர்கள். விஞ்ஞானிகள் அவற்றை அயனித் தடங்கள் என்பர். நாம் அவற்றை மதகுகள் என்றே அழைப்போம்.

சிறியதைத் தடுத்துப் பெரியதை விடும் மதகு

ஏரியின் மதகு நீர் அனைத்தையும் வேறுபாடின்றி விடும். உயிரணுவின் மதகோ பொட்டாசியத்தை மட்டும் விட்டு, சோடியத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இதில் விந்தை என்னவெனில், சோடிய அயனி பொட்டாசிய அயனியைவிடச் சிறியது. பெரியது நுழையும் வழியில் சிறியது நுழைய முடியாமற்போவது எங்ஙனம்?

அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னன் 1998-ஆம் ஆண்டில் இப்புதிரை விடுவித்தார். நீரில் உள்ள அயனி ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுகளைப் போர்வைபோல் போர்த்திக் கொண்டிருக்கிறது. மதகின் குறுகிய வழியில் நுழைய அப்போர்வையைக் களைய வேண்டும். அவ்வழியின் சுவரில் ஆக்ஸிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவை பொட்டாசியத்தின் அளவுக்கு மிகப் பொருத்தமான இடைவெளியில் நிற்பதால், போர்வையை இழந்த பொட்டாசியம் அவற்றையே புதுப் போர்வையாகக் கொண்டு தடையின்றிக் கடந்து செல்கிறது. சிறிய சோடியத்திற்கோ அவை எட்டாத் தொலைவில் இருப்பதால், அது தன் நீர்ப் போர்வையைக் களையத் துணிவதில்லை, வெளியே நின்றுவிடுகிறது. இவ்வழியே விநாடிக்குக் கோடிக்கணக்கில் பொட்டாசிய அயனிகள் பாய முடியும். இக்கண்டுபிடிப்புக்காக 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, உயிரணுவின் நீர்வழிகளைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேயோடு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மதகு இருந்தால் மட்டும் போதுமா? எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? நம் கிராமங்களில் ஏரிப் பாசனத்தைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. கல்லால் கட்டிய மதகு தானாக ஒன்றும் செய்யாது. அவர் வந்து பலகையைத் தூக்கினால்தான் கடைமடை வயல்வரை நீர் போய்ச் சேரும். உயிரணுவின் மதகுகளுக்கும் அத்தகைய நீர்க்கட்டிகள் உண்டு. அவையே துணைப் புரதங்கள்.

கியோட்டோவில் கண்ட சிறு புரதம்

இத்துணைப் புரதங்களுள் ஒன்றைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தக்குமி, ஓக்குபோ, நக்கானிஷி ஆகிய ஆய்வாளர்கள் எலியின் சிறுநீரகத்திலிருந்து மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. பொருளைப் பிரித்தெடுத்து, ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டை அணுவினுள் செலுத்தினர். சில நாட்களில் அம்முட்டையின் சவ்வில் பொட்டாசிய மின்னோட்டம் ஒன்று தோன்றியது. அது மிக மெதுவாக, விநாடிக் கணக்கில் உயர்ந்துகொண்டே சென்றது. அதற்குக் காரணமான புரதத்தைத் தேடிப் பிடித்தபோது, அது வெறும் 130 அமினோ அமிலங்களால் ஆன மிகச் சிறிய புரதமாக இருந்தது. 1988-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. கே.சி.என்.இ.1 என்பது அப்புரதத்தின் இன்றைய பெயர்.

விஞ்ஞானிகள் குழம்பிப் போயினர். அதற்குச் சற்று முன்னர்ப் பழப்பூச்சியில் கண்டறியப்பட்டிருந்த பொட்டாசிய மதகுப் புரதம் உயிரணுச் சவ்வை ஆறு முறை ஊடுருவிச் செல்வது. அத்தகைய நான்கு புரதங்கள் வட்டமாகக் கூடி நடுவே வழி அமைப்பவை. இச்சிறு புரதமோ சவ்வை ஒரே ஒரு முறை மட்டுமே கடக்கிறது. ஒற்றைக் கழியால் மதகு கட்ட முடியுமா? அது தானே மதகா, அன்றி வேறொன்றின் துணைவனா என்று எட்டு ஆண்டுகள் வாதம் நடந்தது.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. இளவயதினரைத் திடீரெனச் சாய்த்துவிடும் பரம்பரை இதயத் துடிப்பு நோயொன்றின் காரணத்தைத் தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள், 1996-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கே.சி.என்.க்யூ.1 என்னும் புதிய மரபணுவைக் கண்டனர். அது முறையாக ஆறு முறை சவ்வைக் கடக்கும் மதகுப் புரதத்திற்கு உரியது. அவ்வாண்டின் இறுதிக்குள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே சோதனை செய்து ஒரே முடிவை வெளியிட்டனர். பெரிய புரதம் தனித்து இயங்கும்போது விரைவாகத் திறந்து சிறிதளவே பொட்டாசியத்தை விடுகிறது. கியோட்டோவின் சிறு புரதமும் உடன் சேர்ந்தாலோ, மதகு மெதுவாகத் திறந்து, பன்மடங்கு மிகுதியாகவும் நீடித்தும் பாய்ச்சுகிறது. தவளையின் முட்டையில் அப்பெரிய புரதம் முன்னரே இருந்தது. எலியிடமிருந்து சென்ற சிறு புரதம் அதனோடு கைகோத்துக் கொண்டது. தானே மதகு என்று எண்ணப்பட்டது உண்மையில் மதகின் துணைவனே.

தமிழில் இதற்கோர் உவமை உண்டு. "கால்" என்னும் துணையெழுத்துக்குத் தனியே ஒலி இல்லை. ஆயினும் "க" என்னும் எழுத்தை அடுத்து நிற்கும்போது அதனைக் "கா" என நீட்டிவிடுகிறது. "கல்" வேறு, "கால்" வேறு அல்லவா? அவ்வாறே இச்சிறு புரதமும் தன்னால் ஒன்றும் இயலாதது. சேர்ந்த இடத்தில் பொருளையே மாற்றிவிடுகிறது. மனிதர்களிடம் இவ்வகைத் துணைவர் ஐந்து பேர் இருப்பது இன்று தெரிந்துள்ளது.

சர்க்கரையை மீட்கும் பணியில்

சிறுநீரகத்தில் இத்துணைவனுக்கு என்ன வேலை? நாளொன்றுக்கு வடிக்கப்படும் 180 லிட்டர் நீரில் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரை கரைந்து செல்கிறது. நலமுள்ளவரின் சிறுநீரில் அது காணப்படுவதில்லை; குழலின் முற்பகுதி உயிரணுக்கள் அதனை மீட்டுவிடுகின்றன. சர்க்கரை தனியே உள்ளே வருவதில்லை. நேர்மின் கொண்ட சோடியத்தின் தோளைப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரணுவின் உட்புறம் எதிர்மின் கொண்டிருப்பதால் சோடியம் அங்கே ஈர்க்கப்படுகிறது. ஆனால் சோடியம் நுழைய நுழைய, உட்புறத்தின் எதிர்மின் குறைந்துகொண்டே போகும், ஈர்ப்பும் தளரும். அப்போது பொட்டாசிய மதகு திறந்து, நேர்மின் கொண்ட பொட்டாசியத்தை வெளியே விட்டு, உட்புறத்தை மீண்டும் எதிர்மின் உடையதாக்குகிறது. சர்க்கரையின் வரவும் தடைப்படாமல் தொடர்கிறது.

இச்சிறு புரதம் இல்லாதவாறு மரபணு மாற்றி வளர்க்கப்பட்ட எலிகளின் சிறுநீரில் உப்பும் சர்க்கரையும் வழக்கத்தைவிட மிகுதியாக வெளியேறியதை 2001-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. துணைவனின் பணி எத்தகையது என்பது அவன் இல்லாத இடத்தில்தான் விளங்கியது.

வேறு துணைவர்களும் மேற்பார்வையாளர்களும்

குழலின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு மதகுகள் உள்ளன, துணைவர்களும் வெவ்வேறானவர்கள். கிர் 4.1 என்னும் மதகுப் புரதத்தோடு கிர் 5.1 என்பது இணைந்து நிற்கிறது. கிர் 5.1 தனித்து மதகாக இயங்குவதில்லை, கிர் 4.1-உடன் கூடினாலோ, உயிரணுவின் அமிலநிலையை நுட்பமாக உணர்ந்து மூடித் திறக்கும் கூட்டு மதகு உருவாகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடியதா குறைந்ததா என்று சிறுநீரகம் அறிந்துகொள்வது இந்தக் கூட்டு மதகின் வாயிலாகவே. கிர் 4.1 பழுதுபட்ட குழந்தைகளுக்கு வலிப்பு, நடைத் தள்ளாட்டம், காது கேளாமை, உப்பிழப்பு ஆகிய நான்கும் ஒருங்கே நேர்வது 2009-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

மதகோடு ஒட்டி நிற்காமல், மேற்பார்வையாளரைப் போல் ஆணையிடும் புரதங்களும் உண்டு. கடைப்பகுதியில் பொட்டாசியத்தை வெளியேற்றும் முதன்மையான மதகு 1993-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ரோம்-கே என்பது. வின்க் 4 என்னும் புரதம் இம்மதகைச் சவ்விலிருந்து பிடுங்கி உயிரணுவின் உள்ளே இழுத்துவிடும் ஆற்றலுடையது. மதகு அகற்றப்பட்ட இடத்தில் பாய்ச்சல் ஏது? வின்க் புரதங்கள் பிறழ்ந்த குடும்பங்களில் உயர் இரத்த அழுத்தமும் பொட்டாசியத் தேக்கமும் பரம்பரையாக வருவதை 2001-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் மெய்ப்பித்தனர். இந்நோய், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை மாத்திரைக்கு நன்கு கட்டுப்படுவது ஆறுதலான செய்தி.

ஒரு நார்வே குடும்பத்தின் கதை

சிறுநீரகத்தில் கண்டெடுக்கப்பட்ட அந்தச் சிறு புரதம் அங்கு மட்டும் பணிபுரியவில்லை. உட்செவியிலும் இதயத்திலும் அதுவே துணை நிற்கிறது. உட்செவியின் நுண்ணறையை நிறைத்திருக்கும் நீரில் பொட்டாசியம் மிகுந்திருந்தால்தான் ஒலி நரம்புச் செய்தியாக மாறும். அந்நீரில் பொட்டாசியத்தைப் பாய்ச்சுவது இந்தக் கூட்டு மதகே. இதயத்தில் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் தசையணுவை அமைதிக்குத் திருப்புவதும் அதுவே.

1957-ஆம் ஆண்டில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்னும் நார்வே நாட்டு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். பெற்றோர் நலமாக இருந்தனர். ஆறு குழந்தைகளுள் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. அந்நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தனர். அவர்களுள் மூவர் 4, 5, 9 வயதுகளில் திடீரென இறந்தனர். காதுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்பது அன்று யாருக்கும் விளங்கவில்லை. 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல், விடை கிடைத்தது. இவ்வகை நோயுற்றோரிடம் மதகுப் புரதமோ அதன் துணைப் புரதமோ பழுதுபட்டிருந்தது. அத்தாய் தந்தையர் காலத்தில் மருத்துவரால் கூற இயலாத காரணத்தை இன்று ஒரு சோதனையால் கூறிவிடலாம்.

இந்நோய் நமக்குத் தொலைவானதன்று. பழுதுபட்ட மரபணுவைத் தாயும் தந்தையும் ஒவ்வொன்று சுமந்திருந்தால், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. பழியை யார் மீதும் சுமத்துவதற்காக இதனைக் கூறவில்லை; முன்னெச்சரிக்கைக்காகவே கூறுகிறோம்.

இல்லத்தார் மனத்திற் கொள்ள வேண்டியவை

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஒரு முறையேனும் இ.சி.ஜி. சோதனை செய்துவிடுங்கள். அதிலும் ஓடும்போதோ, அஞ்சும்போதோ, அழும்போதோ மயங்கி விழும் குழந்தையாயின் ஒரு நாளும் காலந்தாழ்த்த வேண்டாம். அதனைக் காக்காய் வலிப்பு என்று கருதி, கையில் இரும்பைக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். நோய் தெரிந்தால் இதயத்தைக் காக்கும் மாத்திரைகளும் கருவிகளும் உண்டு. தீங்கிழைக்கும் மருந்துகளைத் தவிர்க்கவும் முடியும். தெரியாவிடில், சிகிச்சை பெறாத இக்குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் 15 வயதைக் காண்பதில்லை.

சிறுநீரகம் பழுதுபட்டவர் இருக்கும் இல்லங்களில் இளநீர், வாழைப்பழம், உலர்ந்த பழங்கள் ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் ஆகாது. காய்களையும் கிழங்குகளையும் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுதியான நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் பொட்டாசிய உப்பே சேர்க்கப்பட்டுள்ளது; இரத்த அழுத்தக்காரருக்கு நல்லது என்று எண்ணி அதனைச் சிறுநீரக நோயாளிக்கும் போட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் கொடுக்கப்படும் மாத்திரைகளுள் சில பொட்டாசியத்தை உடலிலேயே தேக்குவன. அவற்றை உட்கொள்வோர் மருத்துவர் குறித்த நாளில் இரத்தச் சோதனை செய்துகொள்வது இன்றியமையாதது. "உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியாது.

அதே வேளையில், நலமுள்ளவர் பொட்டாசியத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கீரையும் பழமும் அவருக்கு நன்மையே செய்யும். வயிற்றுப்போக்கால் பொட்டாசியத்தை இழந்தவருக்கு அதனை ஈடுசெய்வதே சிகிச்சை. ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்குத் தீங்காவது அவரவர் சிறுநீரகத்தின் மதகுகளைப் பொறுத்தது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படுமுன், "அவருக்கு என்ன நோய்? என்ன கொடுக்கலாம்?" என்று அவ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்லுங்கள். சிறுநீரக நோய் என்று அறிந்தால், வெறுங்கையோடு சென்றாலும் குறையில்லை. அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, அரைமணி நேரம் பேசியிருந்துவிட்டு வாருங்கள்.